சாக நினைக்கும் மனம் எவ்வளவு நேரம் நிலைக்கிறது?

தற்கொலையைப் பற்றி எழுதிய சமய ஆசிரியர்களும் தத்துவ ஆசிரியர்களும் பல நூற்றாண்டுகளாக ஒருவரோடு ஒருவர் மாறுபட்டு வந்திருக்கிறார்கள். கொலை செய்யாதே என்ற கட்டளை தன்னைத்தானே கொல்வதற்கும் பொருந்தும் என்று 'கடவுளின் நகரம்' நூலின் முதல் பகுதியில் அகஸ்டின் வாதிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் மூன்று காரணங்களைச் சொன்னார். அது இயற்கைக்கு மாறானது, சமூகத்துக்குத் தீங்கு செய்வது, உயிரைத் தந்த இறைவனின் உரிமையில் கைவைப்பது. டேவிட் ஹியூம் இந்த மூன்றையும் மறுத்து எழுதிய கட்டுரை அவர் இறந்த பிறகு, 1777இல்தான் முறையாக அச்சேறியது. மனிதன் தன்னையே ஒரு கருவியாக்கிக்கொள்ளக் கூடாது என்று காண்ட் அதைக் கண்டித்தார். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான எண்ணம் ஒன்று உண்டு. உயிரை மாய்த்துக்கொள்பவர் வாழ்வையும் சாவையும் எடைபோட்டுப் பார்த்து முடிவெடுத்தவர் என்பதே அது. அந்த முடிவு சரியா, தவறா, பாவமா, உரிமையா என்பதில்தான் வழக்கு நடந்தது. அப்படி ஒரு முடிவு உண்மையிலேயே எடுக்கப்பட்டதா என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை ஒரு தத்துவத் துறையிலிருந்து அல்லாமல் இலங்கையின் அநுராதபுரம் மருத்துவமனைக் கட்டில்களின் அருகிலிருந்து எழுப்பியவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் மருத்துவர் மைக்கேல் எடில்ஸ்டன். பின்னாளில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நச்சியல் பேராசிரியரான அவர் 1990களின் நடுவில் இலங்கைக்கு வந்தார். சிகிச்சையில் தொடங்கிய அவருடைய ஆய்வு வாழ்க்கை நாட்டின் கொள்கையில் போய் முடிந்தது. மனித விருப்பத்தைப் பற்றிய பழைய கருத்து ஒன்று எப்படித் தளர்ந்தது என்பதை அந்தப் பாதையில் பார்க்கலாம்.

அவர் வந்தபோது இலங்கை உலகிலேயே தற்கொலை விகிதம் மிக உயர்ந்த நாடுகளில் ஒன்று. 1950இல் லட்சம் பேருக்கு ஆறு ஏழு பேர் என்றிருந்த விகிதம் 1995இல் சுமார் 47 ஆகிவிட்டது. அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் இலங்கை மக்கள் ஏழு மடங்கு துயரப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. போரும் வறுமையும் இடப்பெயர்வும் இருந்தன, உண்மைதான். ஆனால் அதே காலத்தில் பள்ளிக்கூடங்கள் பெருகின, மருத்துவமனைகள் பெருகின, குழந்தை இறப்பு குறைந்தது. இவற்றோடு கிராமங்களுக்குள் புதிதாக வந்த இன்னொன்று பூச்சிமருந்து. பசுமைப் புரட்சிக்குப் பிறகு நெல்லும் காய்கறியும் விளைவிக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அது ஒரு பொருளாகிவிட்டது.

எடில்ஸ்டனின் தொடக்க கால ஆய்வு ஒரு தாவர நச்சைப் பற்றியது. அதை உட்கொள்ளும் பழக்கம் 1980களில் யாழ்ப்பாணத்தில் தொடங்கி வட இலங்கை முழுவதும் பரவியிருந்தது. அந்த நச்சுக்கு ஒரு மாற்று மருந்து வேலை செய்கிறது என்று அவரும் இலங்கை மருத்துவர்களும் செய்த சோதனையின் முடிவு 2000ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வந்தது. ஆனால் அந்த மருந்தின் விலை ஏழை நாட்டு மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகவில்லை. மருந்து கிடைக்காமல் போனதும் சாவுகள் கூடின. பிறகு, விலை குறைந்த கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடலில் சேர்ந்த நச்சை இழுத்துவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. நாலாயிரத்து அறுநூறு பேருக்கும் மேல் சேர்த்துச் செய்த பெரிய சோதனை அது. 2008இல் முடிவு வெளியானது: பயன் இல்லை. கொடுத்தவர்களிலும் கொடுக்காதவர்களிலும் இறந்தோர் விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற இந்த 'இல்லை' ஒரு பெரிய செய்தி. கடுமையான நச்சு உள்ளே போன பிறகு மருத்துவம் செய்யக்கூடியது மிகக் குறைவு. அப்படியென்றால் கேள்வியை இன்னும் முன்னால் கொண்டுபோக வேண்டும். அந்த மனிதர் அந்தப் பொருளை எப்போது, ஏன் கையில் எடுத்தார்?

பிழைத்தவர்களிடம் இதைக் கேட்டுப் பதிவு செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் அரை மணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை. எது கொல்லும், எது கொல்லாது என்று தேர்ந்தெடுத்தவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் எடுத்தது கைக்கு எட்டியதைத்தான். அந்தக் கிராமத்து வீடுகளை நினைத்தால் இது புரியும். வயலுக்கு மருந்தடித்துவிட்டு வருகிறவர் மிச்சத்தை எறவானத்தில் செருகி வைப்பார், அல்லது அறையின் மூலையில் உர மூட்டைக்குப் பின்னால் வைப்பார். ஒரு மாலையில் கணவன் மனைவிக்குள் வாய்த்தகராறு, அல்லது தகப்பன் மகனை நாலு பேர் முன் திட்டிவிடுகிறார். கோபமும் அவமானமும் உச்சத்தில் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் எறவானம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அடுத்த நாள் காலை மருத்துவமனைக் கட்டிலில் கண் விழித்தவர், பிழைத்ததற்காக அழுதுகொண்டே தாயின் கையைப் பிடித்துக்கொள்கிறார். கண் விழிக்காமல் போனவரும் அவரைப் போன்றவர்தான். இருவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு பல நேரங்களில் போத்தலுக்குள் இருந்ததே தவிர மனத்துக்குள் இருந்ததல்ல.

இந்த உண்மையின் மீது ஒரு கொள்கை கட்டப்பட்டது. அதற்கான அதிகாரம் இலங்கையில் ஏற்கனவே இருந்தது. 1980ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பதிவாளர் ஒருவருக்கு எதை நாட்டுக்குள் அனுமதிப்பது என்று முடிவு செய்யும் உரிமையைத் தந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என்று வகைப்படுத்திய மருந்துகள் படிப்படியாக விலக்கப்பட்டு, 1995இல் மிச்சமிருந்தவையும் நிறுத்தப்பட்டன. 1998இல் இன்னொன்றும், 2008 முதல் 2011 வரை மேலும் சிலவும் விலக்கப்பட்டன. 1995இல் 47 என்றிருந்த விகிதம் 2005இல் 24 ஆனது, பிறகு 15ஐ ஒட்டி வந்துவிட்டது. 1995 தொடங்கி இருபது ஆண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். விளைச்சல் விழுந்துவிடும் என்ற அச்சமும் பொய்த்தது. பதிவாளராக இருந்த காமினி மனுவீரவும் எடில்ஸ்டனும் மற்றவர்களும் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, தடைகளால் மகசூல் குறைந்ததற்கு அடையாளம் இல்லை என்று காட்டியது.

தத்துவத்துக்கு இதில் மிக முக்கியமான பகுதி வேறொன்று. தடைக்குப் பிறகு நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்கள் எண்ணிக்கை அதே வேகத்தில் குறையவில்லை. துயரம் இருந்தது, தகராறுகள் இருந்தன, கை நீண்டது. ஆனால் கையில் கிடைத்தது முன்பு போலக் கொல்லவில்லை. பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பவும் வேறு வழி தேடிப் போகவில்லை. சாவு என்பது உறுதியாக எடுத்த முடிவாக இருந்திருந்தால், ஒரு வழி அடைபட்டதும் அவர்கள் மறு வழி கண்டிருப்பார்கள். கண்டவர்கள் சிலர் உண்டு, ஆனால் மொத்த எண்ணிக்கையைத் திருப்பிப் போடுமளவுக்கு இல்லை.

இது இலங்கைக்கு மட்டும் உரிய அதிசயம் அன்று. எடின்பரோவில் நார்மன் க்ரீட்மன் என்ற மனநல மருத்துவர் 1976இல் எழுதிய கட்டுரை இதே கதையை பிரிட்டனில் கண்டது. 1960களின் தொடக்கத்தில் அந்நாட்டு வீடுகளில் அடுப்பெரிக்க வந்த நிலக்கரி வாயு நச்சுத்தன்மை கொண்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1963இல் நடந்த தற்கொலைகளில் ஐந்தில் இரண்டுக்கும் மேல் அதனால் நேர்ந்தவை. பணச் செலவைக் குறைக்கும் நோக்கத்தில் வாயுவின் வகை மாற்றப்பட்டது, நச்சு குறைந்தது. உயிர் காப்பது யாருடைய திட்டத்திலும் இல்லை. ஆனாலும் 1963இல் 5,700ஐத் தாண்டியிருந்த ஆண்டு மொத்தம் 1975இல் 3,700க்கும் கீழே வந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் இது நடந்தது. அமெரிக்காவில் ரிச்சர்ட் சைடன், சான் பிரான்சிஸ்கோ பாலத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார். நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் உயிரோடிருந்தார்கள் அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். 1978இல் வந்த அந்த ஆய்வுக்குப் பிறகும் பாலத்துக்குப் பாதுகாப்பு வலை கட்டி முடிக்க 2024 வரை ஆனது. இவ்வளவு தெளிவான சான்று கையிலிருந்தும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு போனதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. 'சாகத் துணிந்தவனை யார் தடுக்க முடியும்' என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது.

தடுப்பது தனிமனித சுதந்திரத்தில் தலையிடுவதாகாதா என்ற ஆட்சேபம் எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. தாராளவாதத்தின் முதன்மை நூலான 'சுதந்திரம் பற்றி'யை 1859இல் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில்லே இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். இடிந்து விழும் நிலையிலுள்ள பாலத்தில் ஒருவன் அறியாமல் கால் வைக்கப் போகிறான். எச்சரிக்க நேரமில்லை. அவனைப் பிடித்து இழுப்பதில் சுதந்திரத்துக்கு எந்தக் குறையும் இல்லை, ஏனென்றால் ஆற்றில் விழ அவன் விரும்பவில்லை என்பது மில்லின் கருத்து. எடில்ஸ்டன் போன்றோரின் தரவுகள் இந்த எடுத்துக்காட்டை விரிக்கின்றன. அரை மணி நேரத்துக்குள் எழுந்து அடங்கும் ஒரு வேகத்தை அந்த மனிதரின் விருப்பம் என்று எண்ணுவதைவிட, அதற்கு முன்னும் பின்னும் பல்லாண்டு நீளும் அவருடைய வாழ்க்கையில் தெரிவதையே அவர் விருப்பமாகக் கொள்வதற்கு அதிக நியாயம் உண்டு. பிழைத்தவர்கள் பின்னால் வாழ்ந்து காட்டியது அதைத்தான்.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. எல்லாச் சாவுகளும் அரை மணி நேரத்தில் முடிவானவை அல்ல. சங்க காலத்தில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் துறந்ததும் பிசிராந்தையார் அவனோடு சேர்ந்துகொண்டதும் தமிழ் மரபு மதிப்போடு நினைவில் வைத்திருக்கும் செய்திகள். சமணத்தில் சல்லேகனை குருவின் இசைவோடு, பலர் அறிய, நாள்கணக்கில் கடைப்பிடிக்கப்படும் விரதம். 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதைத் தண்டனைக்குரியதாக்கியது, அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. தீராத நோயாளிகளின் சாவுக்கு உதவ அனுமதிக்கும் நாடுகளின் சட்டங்களும் கோரிக்கையைத் திரும்பத் திரும்பக் கேட்கவும் காத்திருக்கவும் சொல்கின்றன. இவற்றை ஏற்பதா வேண்டாமா என்பது தனி வழக்கு. ஆனால் இவை எல்லாம் விருப்பம் நீண்ட நேரம் நிலைக்கிறதா என்பதையே அளவுகோலாக வைக்கின்றன. கிராமத்து வீட்டின் எறவானம் அந்தச் சோதனையை வைப்பதில்லை. அது காத்திருக்கச் சொல்வதில்லை, இரண்டாம் முறை கேட்பதுமில்லை. ஆகவே பூச்சிமருந்தைத் தடை செய்வதை எதிர்க்க வடக்கிருத்தலைச் சான்றுக்கு அழைக்க முடியாது.

இன்னொரு ஆட்சேபம் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. நாட்டின் சட்டம் ஒன்று மாறினால் சாவின் எண்ணிக்கை மாறுகிறது என்றால் மனிதனுக்குச் சொந்த விருப்பமே இல்லையா? இந்தக் கலக்கம் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெத்தலே, குற்றங்களும் தற்கொலைகளும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே அளவில் திரும்பி வருவதைக் காட்டியபோது பலர் திடுக்கிட்டார்கள். 1897இல் 'தற்கொலை' நூலை எழுதிய எமில் டுர்கைம், சமூகப் பிணைப்பு தளரும் இடத்தில் விகிதம் ஏறுகிறது என்றார். அந்த நூலுக்காக சுமார் 26,000 சாவுக் குறிப்புகளைப் பிரித்து எண்ணியவர் அவர் அக்காள் மகன் மார்செல் மோஸ். டுர்கைமின் கண் சமூகத்தின் மீதே இருந்தது, கருவிகளை அவர் பொருட்டாக மதிக்கவில்லை. இலங்கைத் தரவுகள் அவர் விட்ட இடத்தை நிரப்புகின்றன.

விருப்பம் இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டியதில்லை. இரண்டு கேள்விகளைப் பிரித்தால் போதும் என்று பிரிட்டிஷ் தொற்றுநோயியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் காட்டினார். இந்த ஒருவர் ஏன் நோயுற்றார் என்பது ஒரு கேள்வி. இந்தச் சமூகத்தில் ஏன் இத்தனை பேர் நோயுறுகிறார்கள் என்பது வேறொன்று. முதல் கேள்விக்கான விடை அந்த மனிதரின் கதையில் இருக்கிறது, அங்கே விருப்பமும் பொறுப்பும் பொருளுள்ள சொற்கள். இரண்டாவதற்கான விடை கடைத்தெருவிலும் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. தற்கொலையைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் பேசியவர்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதற்கும் பதில் சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள்.

பொறுப்பு யார் தோளில் என்பதை இன்னொரு சோதனை மேலும் தெளிவாக்கியது. போத்தல்களைப் பூட்டி வைக்கும் பெட்டியைக் குடும்பங்களுக்குக் கொடுத்தால் போதாதா, தடை எதற்கு என்ற வாதம் வலுவாக இருந்தது. பூச்சிமருந்து நிறுவனங்களும் பத்திரமான சேமிப்பையே வலியுறுத்தி வந்தன. அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், சுமார் 53,000 குடும்பங்களைச் சேர்த்து இதைச் சோதித்தார்கள். 2017இல் முடிவு வந்தது. பெட்டி பெற்ற கிராமங்களுக்கும் பெறாத கிராமங்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வீட்டுக்குள் இருக்கும் பூட்டின் சாவியும் வீட்டுக்குள்தான் இருக்கும். அடுத்த வீட்டிலும் போத்தல் இருக்கும், கடையிலும் இருக்கும். தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் வேறு விதமாக முயன்றார்கள். மருந்தை வீட்டுக்கு வெளியே, ஊருக்குப் பொதுவான ஒரு கூடத்தில் விவசாயிகள் வைத்தார்கள். 2013இல் வெளிவந்த அந்தச் சிறிய முன்னோட்ட ஆய்வு நம்பிக்கை தரும் முடிவைக் காட்டியது. தூரமும் நேரமும் கூடியதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. குடும்பத்தின் கையில் பூட்டைக் கொடுத்துவிட்டு, சாவு நேர்ந்தபின் கவனக்குறைவு என்று அந்தக் குடும்பத்தையே பழிப்பது கொடுமை.

பாவம், குற்றம் என்ற சொற்களும் இந்த வெளிச்சத்தில் மறுபரிசீலனைக்கு உள்ளாகின்றன. கத்தோலிக்க இறையியலில் சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழு மன இசைவும் வேண்டும். 1992இல் வந்த மறைக்கல்வி நூல், கடும் மனக்கலக்கமும் அச்சமும் தற்கொலை செய்தவரின் பொறுப்பைக் குறைக்கலாம் என்றும் அவர்களின் மீட்பில் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஒரு காலத்தில் கல்லறையில் இடம் மறுத்த மரபு இவ்வளவு தூரம் வந்திருப்பது பெரிது. பௌத்தத்தில் வினைக்கு வேர் எண்ணமே. அந்த எண்ணம் கணத்துக்குக் கணம் எழுந்து மறைவது. இலங்கையின் பெரும்பான்மைச் சமயத்துக்குள்ளேயே, கணநேர எண்ணத்தை நிலைத்த முடிவாகக் கொள்ளாதிருப்பதற்கு இடம் இருக்கிறது. சட்டமும் நகர்ந்தது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற பிரிவை இலங்கை 1998இல் நீக்கியது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு, தண்டிக்காமல் கவனிக்கும் கடமையை அரசுக்கு விதித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை.

சாவைத் தடுத்தால் துயரத்தைத் தீர்த்ததாகிவிடுமா என்ற கேள்வி மட்டும் மிச்சம் நிற்கிறது. ஆகாது. உயிர் பிழைத்த பெண் அதே வீட்டுக்கு, அதே அடிக்கும் கணவனிடம், அதே கடனுக்குத் திரும்பிப் போகிறாள். தடைச் சட்டம் அவளுக்கு நேரத்தைத் தருகிறது, அந்த நேரத்துக்குள் யாராவது வந்து நிற்க வேண்டும். 1986இல் சென்னையில் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா' போன்ற அமைப்புகளும், 2022 முதல் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசும் அரசின் 'டெலி மானஸ்' சேவையும் அந்த இடத்துக்கானவை. ஆனால் துயரத்தை முழுவதும் தீர்த்த பிறகுதான் நஞ்சை அகற்றுவோம் என்பவர்கள், துயரம் தீரும்வரை உயிரோடு இருக்க வேண்டியவர்களை மறந்துவிடுகிறார்கள்.

எடில்ஸ்டன் 2017இல் எடின்பரோவில் பூச்சிமருந்துத் தற்கொலைத் தடுப்புக்கென்றே ஒரு மையத்தைத் தொடங்கினார். அது பேசுவது பெரும்பாலும் நோயாளிகளோடு அல்ல, நாடுகளின் பூச்சிமருந்துப் பதிவாளர்களோடு. உலகில் தற்கொலையால் ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள், அவர்களில் ஏழில் ஒருவராவது பூச்சிமருந்தால் இறப்பவர். வங்கதேசமும் தென் கொரியாவும் கொடிய மருந்துகளை விலக்கியபின் சாவுகள் குறைந்ததைக் கண்டிருக்கின்றன. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு பதிவான தற்கொலைகள் 1,70,924. மத்திய அரசு 2018இல் 18 பூச்சிமருந்துகளைத் தடை செய்ய ஆணையிட்டது. அவற்றில் 12 உடனே நிறுத்தப்பட்டன, மற்ற ஆறுக்கு 2020 டிசம்பர் இறுதிவரை காலக்கெடு தரப்பட்டது. எந்த மருந்து பட்டியலில் இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்ற ஒவ்வொரு கூட்டத்திலும் மகசூலும் விலையும் விவாதிக்கப்படுகின்றன. அதைக் குடித்தவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற மருத்துவமனைக் கணக்கும் அதே மேசைக்கு வர வேண்டும் என்பதே அந்த மையம் ஒவ்வொரு நாட்டிடமும் வைக்கும் கோரிக்கை.